பள்ளி நூலகர்

அலமாரிச் சாவியைக் காப்பதே பள்ளி நூலகரின் கடமை எனக் கருதிய காலம் ஒன்று இருந்தது. ஒரு நூலும் குறையாதிருத்தலே அவர்க்குப் பெருமை; கறையான் தின்றது கணக்கில் வாராது போலும்! சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ். ஆர். அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது; படிப்போரின் காலத்தைப் பேணுக என்பது நான்காவது.

இன்று கணிப்பொறி நொடிப்பொழுதில் ஆயிரம் விடைகளைக் கொணர்ந்து குவிக்கின்றது. எனினும் காலம் மிஞ்சவில்லை. அவற்றுள் மெய்யானதைத் தேர்வதிலேயே அது கழிகின்றது. ஒரு போர் நிகழ்ந்த ஆண்டை மாணவன் தேடுகின்றான். ஈரிடங்களில் இரு வேறு ஆண்டுகள் காண்கின்றான். நல்ல நூலகர் உடனே விடை கூறுவதில்லை. எழுதியவர் யார், எச்சான்று கொண்டு எழுதினார் என வினவுகின்றார். பின்னர் வரலாற்று நூலொன்றையும் எடுத்து அவன் கையில் தருகின்றார்.