பாலுக்கு ஓர் ஆடை

பத்தொன்பது வருஷமாக நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். எம்.ஏ. பட்டமும் இருக்கிறது. ஆயினும், எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு நாளும் இல்லாமற் போகாத தயிர் என்னும் பதார்த்தத்தை ஓர் ஆங்கில மாதுக்கு விளக்கிச் சொல்ல முடியாமல் ஒரு நாள் திருதிருவென்று விழித்தேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வெட்கப்பட்ட இடம் வேறொன்று உண்டு. அது பின்னால் வருகிறது.

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். பாலாறு என்று பேர் வைத்த புண்ணியவான்கள் எதைக் கண்டு வைத்தார்களோ! வருஷத்தில் பெரும் பகுதி அதில் பாலும் ஓடுவதில்லை, நீரும் ஓடுவதில்லை. ஆனால் மாட்டுப் பொங்கலன்று மட்டும் அந்த மணலில் கால் வைக்க இடமிராது. காஞ்சி வரதராஜர் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு வருகிற நாள் அது.

2024-ஆம் வருஷத்து உற்சவத்துக்கு அந்த அம்மாள் வந்தார். இங்கிலாந்தில் டெவன் என்னும் பகுதியைச் சேர்ந்தவர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சேலையின் உடலையும் கரையையும் மூன்று நாடா ஓட்டிக் கோத்து நெய்கிறார்களே, அந்தக் கோர்வை நெசவைக் கற்றுக்கொள்ளக் காஞ்சீபுரத்தில் ஒரு மாதமாகத் தங்கியிருந்தார். தறிக்காரர் ஒருவர், தம் மகன் என்னிடம் படித்தவன் என்ற பாத்தியதையில், "ஸார், உற்சவம் பார்க்க வருகிறார்கள். உங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு போட்டால் தேவலை. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே" என்று சொல்லி அனுப்பினார்.

சாப்பாடெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடைசியில் அம்மா தயிரைக் கொண்டு வந்து இலையில் விட்டாள். எருமைத் தயிர், கத்தியால் வெட்டி எடுக்கலாம் போல் இருந்தது. "இது என்ன?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"கர்ட்" என்றேன், வகுப்பில் சொல்லுகிற அதே கம்பீரத்தோடு.

அவர் புருவத்தை உயர்த்தினார். அவர்கள் தேசத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறாம். பாலைத் திரிய வைத்து, நீரை வடித்துவிட்டு, பாலாடைக்கட்டி செய்ய எடுக்கும் கட்டிகளுக்குத்தான் அந்தப் பேர். இது போதாதென்று எலுமிச்சம்பழச் சாறு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை இவற்றைச் சேர்த்துக் கிளறிய ஓர் இனிப்புக் குழம்புக்கும் அதே சொல்லை வழங்குகிறார்களாம். நான் உடனே கட்சி மாறி, "யோகர்ட்" என்றேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அவர் கடையில் வாங்குகிற யோகர்ட்டில் இந்த வாசனை இல்லையாம். அவர் சொன்னது நியாயந்தான். யோகர்ட்டுக்கு உலகச் சந்தையில் குறிப்பிட்ட இரண்டு நுண்ணுயிர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு உறைமோரிலோ பல ஜாதி நுண்ணுயிர்கள் கலந்து குடித்தனம் செய்கின்றன. வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன.

மோர் வந்ததும் என் பாடு இன்னும் திண்டாட்டமாயிற்று. "பட்டர்மில்க்" என்றால், பாலேட்டை மட்டும் எடுத்துக் கடைந்து வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற நீர் என்று அவர் பாட்டி காலத்து நினைவிலிருந்து சொன்னார். நாமோ பால் முழுவதையும் தயிராக்கி, அதைக் கடைகிறோம். அவர்கள் தயிரைத் தாண்டிப் போகிறார்கள். நாம் தயிரின் வழியாகப் போகிறோம். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

தயிருக்குப் பேர் வைப்பது லேசான காரியமல்ல என்பது 2023 மார்ச்சு மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பொட்டலங்களின்மேல் "தஹி" என்று பிரதானமாகப் போட்டு, தயிரை அடைப்புக் குறிக்குள் போடும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதும், இங்கே எழுந்த ஆட்சேபத்தைக் கண்டு மார்ச்சு 30-ஆம் தேதியே அதைத் திருத்திக்கொண்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். அப்போது நான் வெகு ஆவேசமாகப் பேசினேன். ஆனால் இத்தனை வருஷமாகப் பையன்களுக்கு நானே தயிரைத் தப்பான சொல்லுக்குள் அடைத்துக் கொடுத்து வந்ததை எண்ணிப் பார்க்கவில்லை.

பிற்பகலில் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வீரராஜேந்திர சோழனுடைய கல்வெட்டைக் காட்டினேன். அவன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று இங்கே நடந்ததையும், அதில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளையும் அந்தக் கல் சொல்லுகிறது. மருந்துப் பட்டியலில் பில்வாதி கிருதம் என்ற நெய்யும், புராண கிருதம் என்று பழைய நெய்யும் இருக்கின்றன. "ஆஸ்பத்திரியில் நெய்யா!" என்று அவர் வியந்தார். எனக்குக் கொஞ்சம் கர்வம் தலைக்கேறியது என்றே சொல்ல வேண்டும். அந்தக் கர்வத்தோடுதான் வீடு திரும்பினேன்.

சாயங்காலம் அம்மா எருமையைக் கறந்து, பாலை அடுப்பில் ஏற்றியிருந்தாள். எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆனாலும் பாலுக்கு மட்டும் கொல்லையில் வறட்டி அடுப்புத்தான். பாக்கெட் தயிர் வாங்கிவிடலாம், இந்த வயதில் ஏன் சிரமப்படுகிறாய் என்று நானும் என் மனைவியும் பல தடவை சொல்லியாகிவிட்டது. அம்மா பதில் சொல்வதில்லை. மறுநாள் தயிரைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றுவாள். அதுதான் பதில்.

பொங்கி அடங்கிய பாலின்மேல் மெல்லிய படலம் சுருக்கம் விழுந்து நின்றது. அந்த அம்மாள் அதைச் சுட்டிக்காட்டினார். "ஆடை" என்றாள் அம்மா.

அவருக்கு அந்த வார்த்தை தெரியும்! காஞ்சீபுரத்தில் ஒரு மாதமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த வார்த்தையல்லவா? தம் கழுத்தில் கிடந்த பட்டுத் துணியைத் தொட்டு, "ஆடை?" என்று கேட்டார். பாலைக் காட்டி, "ஆடை?" என்று மறுபடி கேட்டார். அம்மா இரண்டுக்கும் தலையாட்டினாள். சிலர் ஏடு என்றும் சொல்லுவார்கள் என்று நான் சேர்த்தேன். ஒருவனுக்குப் பாலின்மேல் துணி தெரிகிறது, இன்னொருவனுக்குச் சுவடி தெரிகிறது. நான் காலை முதல் பேசிய ஆங்கிலம் முழுவதும் செய்யாத காரியத்தை அந்த ஒரு சொல் செய்துவிட்டது. அவர் அடுப்பண்டை மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் பாட்டி வைத்திருந்த பண்ணையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அகன்ற தட்டுகளில் பாலை ஊற்றி இரவு முழுதும் விட்டுவைப்பார்களாம். கொழுப்பு மேலே மிதந்து வந்ததும், தட்டைக் கொதிக்க விடாமல் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்து, பிறகு ஆறவிட்டால், மேலே பொன்னிறமாய்ப் படலம் திரளுமாம். அதுதான் டெவன் நாட்டுக் கட்டிப் பாலேடு. நூற்றுக்கு 55 பங்குக்குக் குறையாமல் கொழுப்பு இருந்தால்தான் அந்தப் பேர் வைக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. நம் எருமைப் பாலில் 7 பங்குதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இதை ஸ்கோன் என்னும் சிறு ரொட்டியில் தடவி, பழப்பாகும் வைத்துத் தின்பார்கள். டெவன்காரர்கள் பாலேட்டை முதலில் தடவ, பக்கத்துக் கார்ன்வால்காரர்கள் பழப்பாகை முதலில் தடவ, இதில் ஓயாத வழக்காம். நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று சண்டை பிடித்த காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "ராத்திரி முழுதும் பச்சைப் பாலா? திரிந்து போகாதா?"

குளிர் தேசம், போகாது என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கே விஷயம் விளங்கிற்று. அங்கே ஏடு மிதக்கும் வரையில் பால் காத்திருக்கும். இங்கே காத்திருக்காது. கறந்தவுடன் காய்ச்ச வேண்டும். காய்ச்சியதை உறை ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். அவர்கள் ஏட்டை எடுத்ததும் நாம் தயிரைத் தோய்த்ததும் ருசியினால் மாத்திரமல்ல, வெயிலினாலும்தான்.

திரிவதைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் சிரித்தார். நம் வீட்டில் பால் திரிந்தால் முகம் சுருங்குகிறது. அவர்களுக்கோ அதுதான் தொழிலின் ஆரம்பம். ஜங்கட் என்று ஒரு பதார்த்தம். வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையும் துளி ரென்னட்டும் விட்டால், மெத்தென்று உறைந்து நிற்குமாம். ரென்னட் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இப்போது பூசணத்திலிருந்தும் எடுக்கிறார்கள் என்று அவர் தயங்கிச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

மொழிபெயர்த்ததோடு நின்றேனா? இல்லை. "எங்கள் தேசத்துத் தயிரில் எந்த ஜீவனுக்கும் இம்சை இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிட்டேன். கல்வெட்டு கொடுத்த தெம்பு!

அவர் முகம் வாடியதைக் கண்டு, "என்ன சொன்னாய்?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அவள் சற்று நேரம் அடுப்பைப் பார்த்திருந்துவிட்டு, "தோல் கன்றைப் பற்றிச் சொல்லு" என்றாள்.

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் எருமையின் கன்று செத்துப் போயிற்று. கன்றில்லாமல் எருமை பால் சுரக்காது. அதன் தோலை உரித்து வாங்கி, உள்ளே வைக்கோல் திணித்து, நான்கு குச்சிகளைக் காலாக நட்டு, தாயின் முன்னால் நிறுத்தினார்கள். எருமை அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. காலையும் மாலையும் அந்தப் பொம்மையைத் தூக்கி வந்து நிறுத்துவது என் வேலை. அந்தப் பால்தான் தயிராயிற்று; அந்தத் தயிரைத்தான் நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

வேறு எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று தோன்றியது. அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது; என் தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான் ஒருவன்தான். ஆனால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளபடி சொன்னேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "என் பாட்டியின் பண்ணையில் கடாக் கன்றுகளை வளர்த்ததே இல்லை. அவை எங்கே போகின்றன என்று சின்ன வயதில் நான் கேட்டதும் இல்லை" என்றார். இதையும் மொழிபெயர்த்தேன். அம்மா அவர் கையில் ஒரு தம்ளர் பாலைக் கொடுத்தாள், ஆடையோடு.

பால் ஆறி விரல் பொறுக்கும் பதத்துக்கு வந்தது. அம்மா ஒரு கரண்டி மோரை விட்டுக் கலக்கினாள். மார்கழி, தை மாதங்களில் அதிகம் விட வேண்டும். சித்திரையில் நாலு துளி போதும். அந்த அம்மாள் இதையெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, ஊருக்கு எடுத்துப் போகக் கொஞ்சம் உறைமோர் கிடைக்குமா என்று கேட்டார்.

அப்போது வீட்டில் விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்தபின் எங்கள் வீட்டில் உப்பும் ஊசியும் மோரும் வெளியே போகா. அம்மா கண்டிப்பாக மறுத்துவிட்டாள். விருந்தாளியிடம் இப்படியா என்று எனக்கு ஒரே சங்கடம். அவர்கள் நாட்டிலும் அயல் தேசத்துப் பால் பண்டங்களை உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லி ஒருவாறு ஒப்பேற்றினேன். அது பொய்யும் அல்ல. அம்மா உள்ளே போய்க் காய்ந்த மிளகாய் ஒரு பிடி கொண்டு வந்தாள். உறைமோர் இல்லாத வீட்டில், மிளகாயின் காம்புகளை வெதுவெதுப்பான பாலில் போட்டு வைத்தால் தோயும். முதல் தயிர் சுமாராக இருக்கும், அதிலிருந்து எடுத்து மறுபடி தோய்த்தால் சரியாகிவிடும் என்றாள்.

மார்ச்சு மாதத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பால் பாலாகவே இருக்கிறதாம். "குளிர் தேசமல்லவா? பாத்திரத்துக்கு ஒரு கம்பளியைச் சுற்றி அடுப்போரமாக வைக்கச் சொல்லு" என்றாள் அம்மா. எழுதினேன். ஏப்ரலில் மறு கடிதம். இரண்டாம் தடவை தோய்த்ததில் நன்றாக உறைந்து விட்டதாம். மேலே கனமாக ஆடை படிந்திருக்கிறதாம். ஆடை என்ற சொல்லைத் தமிழ்ச் சொல்லாகவே எழுதியிருந்தார். ஆனால் மறுநாள் மாலை வரையில் கம்பளிக்குள்ளேயே மறந்து விட்டுவிட்டதால் பொறுக்க முடியாமல் புளித்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"நிறையத் தண்ணீர் விட்டு மோராக்கச் சொல்லு" என்றாள்.