பாஸ் மார்க் 35

எங்கள் ஊர்ப் பெயரிலேயே கிழத்தனம் இருக்கிறது, சார். விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. ஆக, விருத்தாசலம் என்றால் பழைய மலை. அதற்கு முந்தைய பெயர் திருமுதுகுன்றம். அர்த்தம் அதேதான்! சாமி பெயர் பழமலைநாதர், அம்பாள் பெயர் விருத்தாம்பிகை.

குருநமசிவாயர் என்ற மகான் ஒரு ராத்திரி பசியோடு இங்கே தங்கி, அம்பாளைக் கிழவியாக நினைத்துப் பாடிச் சோறு கேட்டாராம். அம்பாளும் கிழவியாகவே வந்து, "கிழவியால எப்படிப்பா சோறு தூக்கிட்டு வர முடியும்?" என்று கேட்டாளாம். சரிதான் என்று அவர் இளமையாக மாற்றிப் பாட, இளம்பெண்ணாகச் சோற்றோடு வந்து நின்றாளாம். இது எங்கள் ஊர்க் கதை.

அம்பாளுக்கு அந்த வசதி உண்டு. எங்கள் ஜிம்மிக்குக் கிடையாது.

ஜிம்மி எங்கள் வீட்டு நாய். என்ன ஜாதி என்று மட்டும் கேட்காதீர்கள். அப்பா அடித்துச் சொல்வார், ராஜபாளையம் என்று. பக்கத்து வீட்டுக்காரரோ, "ராஜபாளையத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு உளுந்தூர்பேட்டையிலயே இறங்கிட்ட ஜாதி" என்பார். வயது 14.

நாய் வயதை 7-ஆல் பெருக்கினால் மனித வயது என்று நாம் படித்திருக்கிறோம். அது தப்புக் கணக்காம். 2020-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ ஆராய்ச்சியாளர்கள் லாப்ரடார் நாய்களின் மரபணுவை ஆராய்ந்து வேறு கணக்கு சொன்னார்கள். நாய் சின்ன வயதில் படுவேகமாக வளர்ந்துவிட்டு, அப்புறம்தான் நிதானமாகிறதாம். அவர்கள் கணக்குப்படி 1 வயது நாய்க்கு 31. (கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வாசகர்கள் கவனிக்க: நீங்கள் ஒரு குட்டிதான்!) 14 வயது நாய்க்குச் சுமார் 73.

ஆக, எங்கள் வீட்டில் மூத்தவர் ஜிம்மிதான். அப்பாவுக்கு 66.

அப்பா செராமிக் பேட்டையில் சூளை பார்த்து ஓய்வு பெற்றவர். பீங்கான் பொம்மை, மின்சாரப் பெட்டிக்கு ஃப்யூஸ் கேரியர் எல்லாம் எங்கள் ஊர்ச் சரக்கு. லேசாக விளிம்பு போன பீங்கான் கிண்ணம் ஒன்று வீட்டுக்கு வந்து, 14 வருஷமாக அதுதான் ஜிம்மியின் தட்டு.

போன வருஷம் ஜிம்மி திண்ணைப் படி ஏறுவதை நிறுத்தியது. ராத்திரியில் தூங்காமல் நடந்தது. வெயில் இல்லாத நேரத்திலும் நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்தது. முன்னங்கால் மூட்டை ஓயாமல் நக்கியது. தொட்டால் உறுமியது. தெருவே சேர்ந்து ஒரே வியாதிதான் சொன்னது: "வயசாயிடுச்சு!"

மாட்டாஸ்பத்திரி டாக்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "வயசு வியாதி இல்ல தம்பி. நீங்க சொல்றது எல்லாம் வலியோட அடையாளம். நாய் வாய்விட்டு அழாது, இப்படித்தான் காட்டும்" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். மூட்டுத் தேய்மானம். கூடவே கிட்னியும் பாதி போயிருந்தது.

"குணமாகுமா டாக்டர்?" என்றார் அப்பா.

"ஆகாது. ஆனா இருக்கற வரைக்கும் வலி இல்லாம, நிம்மதியா வச்சுக்கலாம். வீட்லயே."

இதற்கு வலி தணிப்பு வைத்தியம் என்று பேர். பாலியேட்டிவ் கேர் என்கிறார்கள். மனிதர்களுக்கு இதை வீடு தேடிப் போய்ச் செய்வதில் இந்தியாவுக்கே வழிகாட்டியது கேரளா. 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்தது. நாய், பூனைக்கு இதைச் செய்யும் டாக்டர்களுக்கென்று அமெரிக்காவில் 2009-ல் ஒரு சர்வதேச சங்கமே வந்துவிட்டது. எங்கள் ஊரில் சங்கம் கிடையாது. டாக்டரும், நாங்கள் மூன்று பேரும்தான்.

விஷயம் சித்தப்பா காதுக்குப் போனது. "எதுக்கு இந்த அவஸ்தை? நம்மூர் ஜங்ஷன்ல சேலம் பாசஞ்சர்ல ஏத்தி விட்டுடு. எங்கயாவது பொழச்சுக்கும்" என்றார்.

வளர்த்த மிருகத்தைப் பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டு வருவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். ஆடிப்போய், "அபராதம் எவ்வளவு?" என்றார். முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சித்தப்பா முகத்தில் தெளிவு வந்துவிட்டது. ரெண்டு டீ, ரெண்டு வடை காசு! சட்டத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அம்மா கரண்டியோடு வந்தாள். சித்தப்பா கிளம்பிவிட்டார்.

டாக்டர் சொன்ன வைத்தியத்தில் பாதி, காசே இல்லாதது. மொசைக் தரையில் கால் வழுக்கும் என்பதால் படுக்கையிலிருந்து கொல்லை வரை சாக்கு விரித்தோம். கழுத்தைக் குனிய வலிக்கும் என்பதால் பீங்கான் கிண்ணம் ரெண்டு செங்கல் மேல் ஏறியது. எழுந்திருக்க முடியாதபோது வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, அப்படியே நடத்திப் போனோம். ஒரே பக்கம் படுத்தால் புண் வரும் என்று சில மணிக்கு ஒரு தரம் புரட்டினோம். குழைந்த சாதம் ஒரே வேளையாக இல்லாமல் நாலு வேளை. நகம் வெட்டுவது, ஈரத்தைத் துடைப்பது என் இலாகா. ராத்திரி ட்யூட்டி அப்பா. சூளையில் பழகிய கண் விழிப்பு.

மாத்திரை மட்டும் டாக்டர் கையில். கிட்னியைப் பார்த்துத்தான் வலி மாத்திரை தேர்ந்தெடுக்க வேண்டுமாம். நாம் தலைவலிக்குப் போடும் மாத்திரையைப் பிய்த்துக் கொடுக்கவே கூடாது என்று எச்சரித்தார். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஒன்று போதும், பூனையைக் கொன்றுவிடும்.

இதற்காக ஆபீசில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் மேனேஜர். "வீட்ல பெரியவருக்கு சார். எழுபத்து மூணு." கொடுத்துவிட்டார். சான் டியகோ வாழ்க!

உண்மை தெரிந்ததும் செக்ஷனில் சிரித்தார்கள். நான் கலீம் கதையைச் சொன்னேன். டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி முகாமில் இருந்த கும்கி யானை. காட்டு யானைகளைப் பிடிக்கும் வேலையில் பேர் போனது. 2023 மார்ச்சில் 60 வயதானதும் வனத்துறை அதற்கு அணிவகுத்து மரியாதை செய்து ஓய்வு கொடுத்தது. நம் மாநில அரசு ஊழியருக்கும் அதே 60-தான். யானைக்கே உண்டென்றால், 14 வருஷம் லீவே போடாமல் வாட்ச்மேன் வேலை பார்த்தவருக்கு இல்லையா? யாரும் பதில் பேசவில்லை. ஜூனியர் ஒருவர் மறுநாள் ரெண்டு சாக்கு கொண்டு வந்து கொடுத்தார்.

டாக்டர் இன்னொன்றும் கொடுத்தார். மார்க் ஷீட்! ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை டாக்டர் 2004-ல் வகுத்தது. ஏழு பாடம்: வலி இல்லாமை, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் 10. மொத்தம் 70. 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கை சுமாராவது நல்லபடி போகிறது என்று அர்த்தம். நம்ம ஊர் பாஸ் மார்க் அமெரிக்கா வரை போயிருக்கிறது பாருங்கள்!

"மூணு பேரும் தனித்தனியா போடுங்க. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதக் கூடாது" என்றார் டாக்டர்.

நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா 58, நான் 49, அப்பா 41.

"வால் ஆட்டுதுங்க. சந்தோஷத்துக்குப் பத்துக்குப் பத்து" என்றாள் அம்மா.

"உன்னைப் பார்த்து ஆட்டுது. நீ போனப்புறம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது. சூளையத் திறந்தா வெந்திருக்கறதைத்தான் சொல்லணும், வெந்திருக்கணும்னு ஆசைப்படறதைச் சொல்லக் கூடாது" என்றார் அப்பா.

ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

மாத்திரை வேலை செய்தது. ராத்திரி நடை நின்றது. ஒரு நாள் ஜிம்மி திண்ணை வரை தானே வந்து, தபால்காரரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது. அன்றைக்கு அப்பாவே 50 போட்டார். அப்படி நாலு மாதம் ஓடியது. அந்த நாலு மாதமும் அதற்கு உண்மையில் நல்ல மாதங்கள். ஊகமாகச் சொல்லவில்லை, நோட்டில் இருக்கிறது.

கார்த்திகை மழையில் மார்க் இறங்க ஆரம்பித்தது. 44. 40. 37. டாக்டர் மருந்தை மாற்றினார். ஒரு வாரம் ஏறி, மறுபடி இறங்கியது. பின்னங்கால் விழுந்துவிட்டது. பிறகு தயிர் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"ஊசி போட்டு அனுப்பறதைப் பத்தி யோசிக்கலாம்" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னபோது அம்மா வெடித்தாள். "கொல்றதுக்கா இத்தனை நாள் சோறு ஊட்டினேன்?" அவர் வாதாடவில்லை. "மார்க் போடுங்கம்மா, போதும்" என்று போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா 24 போட்டார். நான் 26. அம்மாவின் தாளை வாங்கிக் கூட்டினேன். 19. வலி என்ற இடத்தில் 1 என்று எழுதியிருந்தாள்.

"ராத்திரி பூரா முனகிச்சு. அப்பாவும் அசந்துட்டார். நான்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்... டாக்டரை வரச் சொல்லுப்பா" என்றாள்.

சாயங்காலம் டாக்டர் பைக்கில் வந்தார். முதல் ஊசி தூக்கத்துக்கு. நன்றாக அசந்த பிறகுதான் அடுத்தது, அது இதயத்தை நிறுத்தும் என்று முன்னாலேயே விளக்கினார். ஜிம்மி தன் சாக்கின் மேல், அப்பாவின் மடியில் தலை வைத்திருந்தது. மேஜை இல்லை, கூண்டு இல்லை, பயம் இல்லை. அம்மா காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தாள். முதல் ஊசியிலேயே, பல நாளைக்குப் பிறகு, முனகாமல் தூங்கியது.

கொல்லையில் இடுப்பளவு குழியை அப்பாவும் நானும் வெட்டினோம். அந்த விளிம்பு போன கிண்ணத்தை அப்பா கூடவே வைத்தார்.

உங்கள் வீட்டிலும் வாலாட்டும் பெரியவர் ஒருவர் இருந்தால், 'வயசாயிடுச்சு' என்று முடித்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டி வலிக்கு வழி கேளுங்கள். சாக்கு விரியுங்கள். ஒரு நோட்டும் வாங்குங்கள். மார்க் போடும்போது, நமக்கு அது இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு அன்றைய நாள் எப்படிப் போனது என்பதற்கு மட்டும் போடுங்கள்.

அம்மாவுக்கே அது முடிந்தது, சார். உங்களுக்கு முடியாதா?