லேப்டாப் ஆன் ஆகலையா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

"லேப்டாப் ஆன் ஆகலை" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எங்கே வலிக்குது, எத்தனை நாளா, காய்ச்சல் இருக்கா என்று கேட்பார். லேப்டாப்பிடமும் அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நான் பி.காம் படிக்கிறவன், எஞ்சினியர் கிடையாது. ஆனாலும் இந்தக் கேள்விகளைக் கேட்க எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை என்று போன டிசம்பரில் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பிரித்துக்கொள்வோம். ஆன் ஆகலை என்பதில் நாலு வகை உண்டு.

ஒன்று, பட்டனை அமுக்கினால் லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை. இது கரண்ட் பிரச்சினை. இரண்டு, லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் ஸ்க்ரீன் கறுப்பு. இது ரேம், டிஸ்ப்ளே, போர்டு மூன்றில் ஒன்று. மூன்று, கம்பெனி லோகோ வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். நாலு, விண்டோஸ் பாதி வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. இது பெரும்பாலும் சாஃப்ட்வேர். நாலுக்கும் மருந்து வேறு, செலவும் வேறு.

இப்போது நம்ம கதை. எங்கள் வீட்டில் இருப்பது அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசாங்க லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம் அது. எல்காட் நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கொடுத்தது. அடுத்த சில வருடங்களில் தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் இதுதான். எங்கள் தெருவிலும் அப்படித்தான். விண்டோஸோடு சேர்த்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. பாதிப் பேர் அந்த லினக்ஸைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம் :-)

அக்காவுக்கு வந்தது 2019-ல். அக்கா கல்யாணமாகிப் போனதும் அது என் கைக்கு வந்தது. அதை வைத்து விஸ்வநத்தத்தில் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ்ஸில் சாயங்காலம் டேலி என்ட்ரி போடுகிறேன். மாதம் 3,000 ரூபாய். பஸ் செலவு, செமஸ்டர் ஃபீஸ், செல் ரீசார்ஜ் எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

சிவகாசிப் பக்கம் டிசம்பர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பட்டாசு ஓய்ந்திருக்கும், காலண்டர் உச்சத்தில் இருக்கும். ஆடிப்பெருக்கில் புது வருஷ ஆல்பம் வெளியிட்டதிலிருந்து ஆர்டர் ஏறிக்கொண்டே போய் டிசம்பரில் பில் புக் பறக்கும். நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-3பி டிசம்பர் 20-க்குள் போட வேண்டும். 17-ம் தேதி ராத்திரி லேப்டாப் செத்தது. உள்ளே அந்த மாதத்து கொள்முதல் பில், விற்பனை பில் எல்லாம் இருக்கிறது.

ரிட்டர்ன் ஒரு நாள் தள்ளினால் லேட் ஃபீ 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. 38,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு வட்டி சுமார் 19 ரூபாய். ஆக மொத்தம் 69 ரூபாய். இது ஒன்றும் உயிர் போகிற தொகை இல்லை. ஆனால் "தம்பி பாத்துக்கிருவான்" என்று பாஸ்வேர்டைக் கையில் கொடுத்திருக்கிற அண்ணாச்சியிடம் போய் என்ன சொல்வது? அந்த நம்பிக்கைக்கு எந்த ரேட்டில் வட்டி போடுவது?

மறுநாள் ஒரு கடையில் காட்டினேன். பட்டனை அமுக்கிப் பார்த்தார். "மதர்போர்டு போச்சு தம்பி, 7,500 ஆகும், டேட்டாவுக்கு கேரன்டி கிடையாது" என்றார். இரண்டரை மாதச் சம்பளம்! யோசிச்சுச் சொல்றேண்ணே என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து கேள்விகளை வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன்.

கரண்ட் வருகிறதா? சார்ஜர் மேல் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று போட்டிருக்கும். பெருக்கினால் 65 வாட். எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் சித்தப்பாவின் மல்டிமீட்டரை வைத்தால் 19.4 காட்டியது. சார்ஜர் நல்லாத்தான் இருக்கிறது.

உள்ளே தேங்கிய கரண்டா? சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 செகண்ட் விடாமல் அமுக்கிப் பிடித்தால் மிச்ச சார்ஜ் இறங்கும். பல லேப்டாப்புகள் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். நம்மது எழவில்லை.

ஸ்க்ரீன் மட்டும் போச்சா? இருட்டில் டார்ச்சை ஸ்க்ரீன் மேல் சாய்த்து அடிக்க வேண்டும். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னால் எரியும் லைட் மட்டும் அவுட். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ வயரைச் சொருகிப் பார்த்தால் அங்கேயும் சிக்னல் இல்லை.

போர்டு யோசிக்கிறதா? கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் குட்டி லைட் மாறி மாறி எரிய வேண்டும். எரியவில்லை. ஆக, லேப்டாப் ஆன் ஆனதும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் முதல் கட்டத்திலேயே நிற்கிறது. அந்தக் கட்டத்தில் அதிகமாகத் தடுப்பது ரேம்தான். போர்டு போயிருந்தாலும் பார்க்க இப்படியேதான் இருக்கும். கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, இருக்கிற இரண்டு காரணத்தில் விலை கூடினதைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

சரி, திறந்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது அம்மா குறுக்கே வந்தார்.

"ஏய்யா, அந்த வழவழா சட்டையக் கழத்திட்டு காட்டன் சட்டையப் போட்டுட்டு உக்காரு. எங்கயாச்சும் இரும்பத் தொட்டுட்டு ஆரம்பி."

அம்மா ஆறாவது வரைதான் படித்தவர். பட்டாசு ஆலையில் வேலை. மருந்து இருக்கிற ஷெட்டுக்குள் போவதற்கு முன்னால் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் அந்தத் தகடு வழியாகத் தரைக்குப் போய்விடும். நைலான், பாலியஸ்டர் உடுத்தக் கூடாது, பருத்திதான். அலுமினியப் பவுடர் கலந்த மருந்துக்கு ஒரு சின்னப் பொறி போதும். எங்கள் ஊரில் அந்தப் பொறி என்ன செய்யும் என்று புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள்.

ரேம் சிப்புக்கும் எதிரி அதே நிலை மின்சாரம்தான். விரலில் சுள்ளென்று நமக்குத் தெரியவே சுமார் 3,000 வோல்ட் சேர வேண்டும். சிப்பைக் கெடுக்க 100 வோல்ட்கூடப் போதும். நமக்குத் தெரியாமலேயே கொன்றுவிடுவோம். மழை குறைந்த, காய்ந்த காற்று உள்ள எங்கள் ஊர் பட்டாசுக்கு வசதி. நிலை மின்சாரத்துக்கும் அதே காற்றுதான் வசதி. லேப்டாப் ரிப்பேர் வீடியோக்களில் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தப் பாடம் எங்கள் வீட்டில் இருபது வருஷமாக தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது!

காட்டன் சட்டைக்கு மாறி, ஃப்ரிட்ஜின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, கீழ் மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது, அதனால் எந்த ஓட்டையில் எது என்று ஒரு பேப்பரில் படம் போட்டு அதன் மேலேயே வைத்தேன். முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. அதை எடுக்காமல் எதையும் தொடக் கூடாது.

உள்ளே பார்த்தால் ஃபேனைச் சுற்றி வெள்ளையாக மாவு! பிரஸ் வேலை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். அச்சான தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது மை பின்பக்கம் ஒட்டாமல் இருக்க ஒரு பவுடர் தூவுவார்கள். அது ஸ்டார்ச் மாவு. மிஷினுக்குப் பக்கத்து ரூமில் உட்கார்ந்து என்ட்ரி போட்டால் அந்த மாவை ஃபேன் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஏழு வருஷ லேப்டாப், மாவு, காகிதத் தூசி எல்லாம் சேர்ந்து ரேமின் தங்க நிறக் கால்களில் மங்கலாக ஒரு படலம் தெரிந்தது.

ரேமைத் தொடுவதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கைத்தான் கழற்றினேன். டேட்டாவும் மிஷினும் வேறு வேறு பிரச்சினை. போர்டு செத்தாலும் டிஸ்க்கில் இருப்பது அப்படியேதான் இருக்கும். யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு நண்பன் லேப்டாப்பில் சொருகினால், டேலி ஃபோல்டர் பத்திரமாக வந்தது. கடைசி பில் வரைக்கும்! அந்த நிமிஷமே 20-ம் தேதி பயம் போய்விட்டது. எதுவுமே ஆகாவிட்டாலும் நண்பன் மிஷினில் ரிட்டர்ன் போட்டுவிடலாம். (உங்கள் டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் ரெக்கவரி கீ வேண்டும். நல்லா இருக்கும்போதே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) மிச்சம் இருந்தது 7,500 ரூபாய்க் கேள்வி மட்டும்.

ரேமின் இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் அதுவே சாய்வாக எழும்பும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, பென்சில் ரப்பரால் கால்களை மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டினேன். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். இதற்காக அலைய வேண்டியதில்லை. ஆஃப்செட் மிஷினில் தண்ணீரோடு கலக்க ஐபிஏ என்று எல்லா பிரஸ்ஸிலும் கேனில் இருக்கும். சீக்கிரம் தீப்பிடிக்கும் சரக்கு, பத்து நிமிஷம் நன்றாகக் காய விட வேண்டும். காய்ந்ததும் சாய்வாகச் சொருகி அமுக்கினால் "டக்" என்று உட்கார்ந்தது.

பவர் பட்டன். கறுப்பு. பத்து செகண்ட், இருபது செகண்ட்... லோகோ!

அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடலாம். அப்படியே ஜிஎஸ்டி தளத்தைத் திறந்தால் பாதுகாப்பு இல்லை என்று பிரவுசர் மறுக்கும், டேலியிலும் தேதி குழம்பும். முதல் வேலையாகத் தேதியைச் சரி பண்ணுங்கள். அப்புறம் இன்னொன்று, மெலிசான புது லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்து சால்டர் செய்துவிடுகிறார்கள். அதில் இந்த வைத்தியம் நடக்காது. வாங்கும்போதே கேட்க வேண்டிய விஷயம் இது.

19-ம் தேதி ராத்திரி ரிட்டர்ன் போட்டாச்சு. மொத்தச் செலவு யூஎஸ்பி கேஸ் காசு மட்டும்தான், அதுவும் வீண் இல்லை.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காமர்ஸ் மாணவன் மூளையோடு யோசித்தால் அவர் கணக்கு புரிகிறது. ரேமைத் துடைத்துக் கொடுத்தால் 200 ரூபாய் கேட்கவே அவருக்குக் கூச்சம். மறுபடி நின்றால் சண்டைக்கு வருவோம். போர்டை மாற்றினால் வேலை நிச்சயம், லாபமும் நிச்சயம். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெடும் என்பதுதான் விஷயம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரிப்பேர் கடை கவுன்ட்டரில் நாம் நிற்கும்போதும் அதேதான் நடக்கிறது. நமக்குத் தெரியாத அளவுக்கு பில் நீளும். 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்து, அந்த வருஷக் கடைசியில் இணையதளமும் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் கவுன்ட்டரில் நமக்கு உதவப் போவது நாம் கேட்கும் கேள்விதான்.

ஆகவே கடைக்குப் போனால் மூன்று கேளுங்கள். ரேமை மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா? சார்ஜர் வோல்ட் எவ்வளவு காட்டுகிறது? டிஸ்க்கை மட்டும் தனியாக எடுத்துத் தர முடியுமா? இந்த மூன்றையும் கேட்கிறவரிடம் யாரும் சட்டென்று போர்டு போச்சு என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40 சதவீதம், குறைந்துகொண்டே வரும் மதிப்பில். 15,000 ரூபாய் லேப்டாப் என்று வைத்து ஏழு வருஷம் போட்டுப் பாருங்கள். மிஞ்சுவது சுமார் 420 ரூபாய். புத்தகத்தில் 420 ரூபாய்ச் சொத்து மாதம் 3,000 சம்பாதித்துக் கொடுக்கிறது. எந்த பேலன்ஸ் ஷீட்டும் இதைக் காட்டாது. அதனால் உங்கள் வீட்டுப் பரணில் "ஆன் ஆகலை" என்று ஒரு லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தால், பழைய இரும்புக்குப் போடும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். காட்டன் சட்டை போட்டுக்கொண்டு, இரும்பைத் தொட்டுவிட்டு!