மண் பிறக்கும் மேக்னா முகத்துவாரம்

பங்களாதேஷின் தலைநகர் டாக்காவில், சதர்காட் துறையில் மாலையில் லாஞ்சு ஏறினால் மறுநாள் காலை ஹாத்தியாத் தீவை அடையலாம். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்த பத்மா நதி, வழியில் சாந்த்பூருக்கு அருகே மேக்னாவோடு கலக்கிறது. தெற்கே செல்லச் செல்லக் கரைகள் கண்ணுக்கு மறைகின்றன. பின்னர் போலா, மன்புரா, ஹாத்தியா என்று தீவுகள் தலைகாட்டுகின்றன.

நமது இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. இங்கே சந்துவீப் தீவருகே, பெருக்குக் காலத்தில் கடல் ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்து இறங்குகிறது. வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். குளிர்காலத்தில் அச்சேற்றில் இரை தேடப் பறவைகள் வந்து குவிகின்றன. கரண்டி போன்ற அலகுடைய சிறிய உள்ளானும் அவற்றில் ஒன்று. உலகில் இன்று சில நூறுகளே எஞ்சியுள்ள பறவை அது. முட்டையிட ஆற்றுக்குள் ஏறிவரும் இலிஷ் மீனுக்கும் இதுவே வாசல்.

இந்நதிகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூறு கோடி தொன் வண்டலைச் சுமந்து வருகின்றன. அது படிந்து மேடாகிறது. முதலில் புல் முளைக்கிறது. 1960 களிலிருந்து இத்தகைய மேடுகளில் கேவ்ரா என்னும் கண்டல் மரங்களை நட்டு வருகிறார்கள். வேர்கள் மண்ணை இறுக்கிப் பிடிக்க, காலப்போக்கில் மனிதரும் குடியேறுகின்றனர். நிஜும் தீவு இவ்வாறு உருவானதே. அங்கே கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான்கள் காட்டில் மேய்கின்றன. ஆனால் ஒரு கரையில் மண்ணைக் கொடுக்கும் ஆறு, மறு கரையில் வீட்டையும் வயலையும் விழுங்கிவிடுகிறது.

கடலும் சும்மா இருப்பதில்லை. 1970 நவம்பர் சூறாவளியில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். 1991 ஏப்ரல் 29 இல் வந்த சூறாவளி சுமார் 1,38,000 உயிர்களைப் பறித்தது. அதில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக இறந்தனர். பிள்ளைகளையும் முதியோரையும் வீட்டையும் விட்டு வெளியேற அவர்கள் தயங்கினார்கள். ஆண்களோடு நெருக்கியடித்துப் புகலிடத்தில் தங்கக் கூச்சப்பட்டார்கள். நீண்ட சேலை நீந்தவும் விடவில்லை.

அந்த இழப்பு பாடமாயிற்று. பின்னர் கட்டிய புகலிடங்களில் பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று எச்சரிக்கும் தொண்டர்களில் இன்று ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள்.

சகோதரிகளே, அங்கே மண்ணைக் காப்பது மரத்தின் வேர். மனிதரைக் காப்பது, தன் வீட்டுப் பெண்ணை உரிய நேரத்தில் வாசல் தாண்ட வைக்கும் குடும்பம்.