பழுதென்று கழித்த உறுப்பு

மலருக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு விழாக் குழுவினர் விடுத்த மடல், இலண்டன் மாநகரில் என் வேலைமேசை மீது பற்றாசுக்கோலுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவே சில கிழமைகள் கிடந்தது. வைத்தியர்களும் பொறியியலாளர்களும் நியாயவாதிகளும் எழுதும் பக்கங்களில், பழைய மின்னணு முரசுப் பெட்டிகளைத் திருத்திப் பிழைப்பவனுக்கு என்ன அலுவல் என்று தயங்கினேன். எனினும் எமது பௌதிக ஆய்வுகூடத்திலே பெற்ற ஒரு புத்திமதியை நான் மீறிய கதை, இதுகாறும் எவருக்கும் முழுமையாகச் சொல்லப்படாதது. அதனைச் சொல்ல இவ்விடமே தக்கதெனத் தோன்றிற்று.

1974 இல் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை, புள்ளிகள் போதாவென்றனர். வீட்டிலே முடங்கிக் கிடந்தவனைப் பௌதிக ஆசிரியர் அழைத்துச் சென்று, யாழ்ப்பாணப் பட்டினத்தில் வானொலி திருத்தும் கடையொன்றிற் சேர்த்துவிட்டார். கடை வாசலில் நின்று அவர் கூறியது ஒன்றுதான். “தம்பி, கழற்றிய எதையும் உடனே எறிந்துவிடாதே. எது பழுதென்று உனக்குத் தெரியுமென நினைப்பாய், தெரியாது.” பத்தாண்டுகள் அக்கடையில் அச்சொல்லைக் காத்தேன். கழற்றியவையெல்லாம் தகரப் பேணிகளில் நிறைந்து கிடந்தன. முதலாளிக்கு அது பெருந் தொல்லை.

1984 இல் இலண்டன் வந்து சேர்ந்தேன். வானொலிகளில் தொடங்கிய என் வேலை ஒலிபெருக்கிகள் வழியாக இசைக் கருவிகளுக்குப் பெயர்ந்தது. அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது றோலண்ட் ரி.ஆர்.-808 என்னும் யப்பானியப் பெட்டி. 1980 முதல் 1983 வரை ஏறத்தாழப் பன்னீராயிரம் பெட்டிகளே செய்யப்பட்டன. அதே காலத்தில் அமெரிக்கரான றொஜர் லின் ஆக்கிய பெட்டியோ மெய்யான முரசொலியை இலக்கப் பதிவாக உள்ளடக்கியது. அதன் விலையும் நாலு மடங்கு. அதனோடு ஒப்பிட்டோர் 808 ஐ விளையாட்டுப் பொருளென எள்ளினர். பின்னர் அமெரிக்கக் கறுப்பின இளைஞர் அதனைக் குறைந்த விலைக்கு வாங்கி ஒரு புதிய இசைக்கே அத்திவாரமாக்கியமை யாவரும் அறிந்ததே.

அதன் உள்ளே பதிவென்று ஒன்றுமில்லை. ஒவ்வோர் ஓசையும் சுற்றினுள் அவ்வப்போது பிறக்கின்றது. பெருமுரசின் ஒலி, அலைவின் விளிம்பில் நிற்கும் ஒரு வடிகட்டியைச் சிறு மின்துடிப்பால் தட்டுவதனால் எழுவது. கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டால் அது தானே ஒலித்து ஓய்வது போல. சிம்பலுக்கு ஆறு அலையங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாத சுருதிகளில் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுள் இரண்டு, ஏறக்குறைய 540, 800 ஹேர்ட்ஸ் அளவினவை, மாட்டுமணி ஓசைக்கும் உதவும். கைதட்டல், மராக்காஸ் ஆகியவற்றுக்கு வேண்டியது மழை பெய்வது போன்ற இரைச்சல். அதனைத் தருவது ஒரே ஒரு திரான்சிற்றர். அதனைப் பெருக்கத்துக்குப் பயன்படுத்தாது, ஒரு சந்தியிலே தலைகீழாக வோல்ற்றளவைக் கொடுத்து உடைவுறச் செய்து, அவ்வுடைவின் இரைச்சலைப் பெருக்கி எடுப்பர்.

1996 இல் ஓர் ஆங்கில இசைஞர் தம் பெட்டியைக் கொணர்ந்தார். கைதட்டல் மெலிந்துவிட்டதென்பது முறைப்பாடு. நான் அத்திரான்சிற்றரைக் கழற்றிச் சோதித்தேன். பெருக்கம் மிகக் குறைவு, கசிவு மிகுதி. தேறாதென்று தீர்த்து, புதியது ஒன்றைப் பொருத்தி, பழையதைக் கூடையில் எறிந்தேன். ஏன் எறிந்தேனென்று இன்றைக்கும் கேட்டுப் பார்க்கிறேன். அன்று வேலை மிகுதி என்பது ஒரு சாட்டு. கைதேர்ந்தவன் என்ற செருக்கு வந்துவிட்டதென்பதே உண்மை.

ஒலி முன்னிலும் மெலிந்தது. அதன்பின்னரே அருகிலிருந்த மின்பகு கொள்ளளவி உலர்ந்துபோயிருப்பதைக் கண்டேன். பழுது அதுவே, திரான்சிற்றர் குற்றமற்றது. கொள்ளளவியை மாற்றியும் ஒலி நிறையவில்லை. என் புதிய திரான்சிற்றர் இரைச்சலற்ற உயர்ந்த சாதி! கூடையோ அதற்குள் குப்பை வண்டியோடு போய்விட்டது. மூன்று இரவுகள் நாற்பதுக்கு மேற்பட்ட திரான்சிற்றர்களை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். ஒன்று ஏறக்குறைய ஒத்தது. அதனைப் பொருத்தி, பெட்டியை ஒன்றும் சொல்லாது கையளித்தேன்.

நாலாம் நாள் அவர் திரும்பி வந்தார். கைதட்டல் உரத்து ஒலிக்கிறது, ஆனால் தம் பெட்டியினது அன்று என்றார். அவர் சினக்கவில்லை. பழைய உறுப்பை மீண்டும் வைத்துத் தரும்படி மாத்திரம் கேட்டார். அதனை எறிந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சிறிது நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின், நான் வேண்டாமென்றும் கேளாமல், நிலுவைப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

2015 இல் ‘808’ என்றே பெயரிய ஆவணப்படம் வெளிவந்தது. அதிலே றோலண்ட் நிறுவனத்தைத் தாபித்த இக்குதாரோ கக்கெஹாஷி தோன்றி, அப்பெட்டிக்கென்று தாம் குறைபாடுள்ள திரான்சிற்றர்களையே தேடி வாங்கியதாகவும், குறைகடத்தித் தொழில் திருந்திய பின் அத்தகையவை கிடையாமையாற் பெட்டியின் உற்பத்தியை நிறுத்த நேர்ந்ததாகவும் கூறினார். 2017 இல் அவர் காலமானார். பெருக்கத்துக்கு உதவாதென்று பிறர் கழித்ததை அவர் இரைச்சலுக்கென்று எடுத்தார்; நானோ மறுபடியும் பெருக்கத்துக்குச் சோதித்துக் கழித்தேன்.

அன்றிரவே அவ்விசைஞருக்கு நடந்தவற்றை விரிவாக எழுதினேன். பதில் வந்தது. பெட்டியை 2009 இல் செருமனிக்கு விற்றுவிட்டாராம். உறுப்பு மாற்றப்பட்டதை வாங்கியவரிடம் தாமும் சொல்லவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

இப்பொழுது மாற்றிய திகதியையும் உறுப்பையும் எழுதிய சிறு தாளொன்றைப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டுகிறேன். கழற்றியவற்றைக் கடிதவுறையில் இட்டு உரியவரிடமே கொடுக்கிறேன். நினைவகத்துக்கான மூன்று மின்கலங்கள் கசிந்து தகட்டைத் தின்றிருந்தால், அவை மட்டும் குப்பைக்குப் போகும். ஏனைய பழுதுகள் பெரும்பாலும் தேய்ந்த ஆளிகள், கரகரக்கும் குமிழ்கள். யப்பானிலிருந்து நேரே வந்த பெட்டிகள் 100 வோல்ற்றுக்கு உரியவை; இங்குள்ள மின்சாரத்திற் செருகிக் கருக்கியவற்றையும் கண்டதுண்டு.

இளைஞர் பலர் கேட்பது திருத்தமன்று, மாற்றம். பெருமுரசு இன்னும் நீண்டு ஒலிக்க வேண்டும். 1983 இல் வந்த மிடி முறையோடு இணைய வேண்டும். மாற்றம் செய்வதை நான் மறுப்பதில்லை. மிருதங்க வித்துவான் தொப்பியிலே ரவையைக் குழைத்து அப்பிச் சுருதியை இறக்குகிறார். கச்சேரி முடிந்ததும் வழித்தெடுத்துவிடுகிறார். அவ்வாறு மீட்கக்கூடியதாயின் செய்வேன். முகப்பிலே துளையிடுவதற்கு உடன்படேன். இதனாற் சிலர் வேறு கடை தேடிப் போவதுமுண்டு.

சென்ற மாதம் ஓர் இளைஞர் பெருமுரசை நீட்டுவித்துக்கொண்டு போனார். கடிதவுறையைக் கொடுத்தேன். ஒரு சதம் பெறாத இந்தத் தடையியை என்ன செய்வதென்று சிரித்தார். பெட்டியை விற்கும் நாளில் இதையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன்.