எல்லைச் சண்டையும் பந்தாட்டமும்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத் தலைநகரான கொலம்பஸிலிருந்து மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகருக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இவ்விரு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் நவம்பர் இறுதியில் மோதும் ஆட்டத்தைக் காண, குடும்பங்கள் காரில் புறப்படுகின்றன. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தாட்டம் அது.

அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களைக் கடந்து வடக்கே சென்றால், ஈரி ஏரிக்கரையில் டொலீடோ நகரம். சிவப்புக் கொடிகளும் மஞ்சள் நீலக் கொடிகளும் கலந்து பறக்கும் ஊர் இது. 1835இல் இந்நிலப்பகுதிக்காக ஓஹியோவும் மிச்சிகனும் படை திரட்டி நின்றன, எனினும் உயிர்ச்சேதமில்லை. 1836இல் அமெரிக்கக் காங்கிரஸ் டொலீடோவை ஓஹியோவுக்கு அளித்து, மிச்சிகனுக்கு ஈடாக வடக்கிலுள்ள காட்டுநிலத்தை ஒதுக்கியது. பயனற்றதென்று அன்று பலர் இகழ்ந்த அந்நிலத்திலே பின்னர் செம்பும் இரும்பும் ஏராளமாய் வெட்டியெடுக்கப்பட்டன!

எல்லை கடந்து ஒரு மணி நேரத்திற்குள் ஆன் ஆர்பர். 1927இல் திறக்கப்பட்ட அரங்கத்தில் 1,07,601 இருக்கைகள். பெரும்பகுதி தரைமட்டத்திற்குக் கீழே கிண்ணம்போல் இறங்குகிறது. 1897இல் தொடங்கிய இப்போட்டியில் பகை முற்றிலும் தணிந்துவிடவில்லை. 2024இல் கொலம்பஸில் ஆட்டம் முடிந்தபின் வீரர்கள் கைகலந்தனர். காவலர் மிளகுப்பொடித் திரவம் தெளித்தனர். இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

துப்பாக்கி ஏந்திய பகை பந்தாட்டமாக மாறியது நன்மையே. அந்தப் பந்தாட்டம் மீண்டும் பகையாகாமல் காப்பது, பிள்ளைகளுடன் அரங்கில் அமரும் பெற்றோர் கையிலும் உள்ளதன்றோ?