பாலாற்றங்கரையில் ரெண்டு சைக்கிள்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ரெண்டே வேலைதான். ஒன்று சாமி, இன்னொன்று சேலை. காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என்று மூன்று கோயில் பார்த்து, காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களைச் சொல்லி என்ன? இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் வாக்கப்பட்ட நானே ஐம்பது வயசு வரைக்கும் பாலாற்றைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. குழித்தறியில் 35 வருஷம் உட்கார்ந்தவர். அதில் 20 வருஷம் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கோர்வைச் சேலை என்றால் ஒரு ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் நூலுக்கு நூல் பின்னிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். அவர் ஒரு பக்கமிருந்து நாடாவைத் தள்ள, நான் மறுபக்கம் கரை நாடாவை வாங்கித் திருப்ப வேண்டும். பேச்சே தேவையில்லை. அவர் கால் மிதிக்கும் சத்தத்தை வைத்தே அடுத்து என்ன என்று என் கைக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. குழியில் இறங்கினால் ஏற முடியவில்லை. டாக்டர், "தறியை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். தறியைக் கழற்றி மரத்தைக் கொடுத்துவிட்டோம். குழியை மட்டும் அவர் மூட விடவில்லை. மேலே ஒரு பலகை போட்டிருக்கிறது.

தறிச் சத்தம் நின்ற வீடு எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். காபி கொடுத்தால் குடிப்பார். "ம்" என்பார். அதற்கு மேல் வார்த்தை வராது. எனக்குப் பயமாகவே இருந்தது.

லுவார் நதியிலிருந்து ஒரு வீடியோ

மகள் பிரான்ஸில் தூர் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர் லுவார் நதிக்கரையில் இருக்கிறது. நதியை ஒட்டியே சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்களாம். லீவு நாளில் வயசானவர்கள்கூட ஜோடி ஜோடியாகக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரமே கிடையாது. ஒரு கிராமம், ஒரு பழைய கோட்டை, ஒரு தேவாலயம், மரத்தடியில் சாப்பாடு, மறுபடி பெடல். அந்தப் பள்ளத்தாக்கையே 2000-ஆவது வருஷம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கோடையில் அந்த ஆற்றிலும் மணல் திட்டு தெரியும் என்று மகள் வீடியோவில் காட்டினாள்.

அவர் போனை வாங்கி மூன்று தடவை பார்த்தார். "இவங்க கோட்டையைப் பார்க்கப் போறாங்க. நம்மூர்ல இல்லாத கோயிலா?" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. முட்டிக்குச் சைக்கிள் நல்லது, மெதுவாக மிதிக்கலாம் என்று டாக்டரும் சொன்னார்.

சேலையைத் துணியில் சுற்றி சொசைட்டிக்கு எடுத்துப் போன பழைய ஹெர்குலஸ் அவருக்கு. மகளுக்குப் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள் எனக்கு. சின்ன வயசில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிப் பழகிய கால், மறக்கவில்லை. டியூப் மாற்றி, பிரேக் கட்டை போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டதோடு ரெண்டும் தயார்.

யாளியைப் பார்த்த நாள்

முதல் ஞாயிறு வீட்டுக்கு எட்டின தூரம்தான், கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மணற்கல்லில் கட்டியது. தூணுக்குத் தூண் பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிங்கங்கள். உட்சுற்றில் இருக்கும் சின்னச் சின்னச் சன்னதிகளில் பல்லவர் காலத்து ஓவியத் துணுக்குகள் இன்னும் இருக்கின்றன. பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த அவற்றை 1931-ல் கண்டெடுத்தவர் பாண்டிச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். மகளிடம் சொன்னதும், "பார்த்தியாம்மா, இவங்க ஊர்க்காரர்தான்!" என்று ஒரே பெருமை.

வீட்டுக்காரர் ஒரு சிங்கத் தூண் முன்னால் கால் மணி நேரம் நின்றார். "இத்தினி வருஷம் முந்தானையில யாளி போட்டிருக்கேன். டிசைன்காரன் வரைஞ்சு குடுத்ததைப் போட்டேன். நேர்ல இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். மயில்கண், ருத்ராட்சம், அன்னம், கோபுரக் கரை என்று நாங்கள் நெய்ததெல்லாம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தேடுவதே அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

அடுத்தது திருப்பருத்திக்குன்றம். வேகவதியைத் தாண்டினால் வந்துவிடும். வேகவதியில் ஓடுவது என்ன தண்ணீர் என்று சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஆனால் அக்கரையில் இருக்கும் சமணக் கோயிலின் அமைதி வேறு. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரை முழுக்கத் தீர்த்தங்கரர்கள் கதை ஓவியமாக இருக்கிறது. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தோம்.

ஆறு தாண்டினால் வேறு ஊர்

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கம் பக்கம் வயலூரில் கடலில் சேர்கிறது. அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில். ஓடுகிறது என்று பேர்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வந்ததைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. மற்ற நாளில் பெரும்பாலும் மணலும் முள்ளுச்செடியும்தான். அந்த மணலும் நாங்கள் சின்ன வயசில் பார்த்த அளவுக்கு இல்லை.

செவிலிமேடு பாலத்தைத் தாண்டியதும் வண்டிச் சத்தம் குறைந்து, வயல் வாசனை வரும். காஞ்சியிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் குரங்கணில்முட்டம். குரங்கு, அணில், முட்டம் என்றால் காகம். மூன்றும் சிவனைக் கும்பிட்ட ஊர் என்பது ஐதீகம். வாலீஸ்வரர் சம்பந்தர் பாடிய சுவாமி. பக்கத்திலேயே மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை. அங்கிருந்து மாமண்டூருக்கு மிதித்தால் குன்றில் இன்னும் சில குடைவரைகள், பக்கத்தில் கண்ணுக்கெட்டிய வரை ஏரி. மழை முடிந்த கையோடு போனால் ஏரிக் காற்றில் களைப்பே தெரியாது.

திரும்பும் வழியில் ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணற்றைப் பாருங்கள். படியில் இறங்கிப் பூமிக்கு அடியில் போனால் கிணற்றுக்குள்ளேயே ஒரு மண்டபம். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் தண்ணீரை இறைத்துவிட்டு, வரதரை அதற்குள் எழுந்தருளச் செய்வார்கள்.

ஓரிக்கை, உத்திரமேரூர்

ஓரிக்கைக்கு ஒரு கதை உண்டு. பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரை விட்டுப் போகச் சொல்ல, அவருடைய குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் கூப்பிட்டதும் பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டாராம். அன்று ஒரு ராத்திரி தங்கிய இடம் ஓரிருக்கை, இன்று ஓரிக்கை. "சாமியே படுக்கையைச் சுருட்டிக்கிட்டு வெளியூர் போயிருக்காரு. நமக்கென்ன?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

அங்கே பாலாற்றுப் பாலம் தாண்டி உத்திரமேரூர் போவதற்கு எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் டீக்கடையில் வடை, புளியமரத்தடியில் கட்டிக்கொண்டு போன குடலை இட்லி. வழியில் ஒரு பாட்டி, "இந்த வயசுல சைக்கிள்லயா வர்றீங்க?" என்று கேட்டு, மோர் கொடுத்து அனுப்பினார்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 என்று ஆண்டு. 30 குடும்புகள். நிற்பவருக்கு வயசு 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு வேண்டும். ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பது ஒரு சிறுவன். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய மச்சான், மருமகன்கூட நிற்க முடியாது. இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் சுவரை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூன்று ஆறு சேரும் இடம்

இத்தனை ஊர்களில் எனக்கு மறக்காதது திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம் போய், பாலம் தாண்ட வேண்டும். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. 11-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே 'வீரசோழன்' என்ற பெயரில் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி நடந்திருக்கிறது. 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், மூலிகை கொண்டுவர ஆட்கள். அவரவர்க்கு எவ்வளவு சம்பளம் என்பதும், இருப்பில் இருந்த லேகியம், தைலம் பெயர்களும் கல்லில் இருக்கின்றன.

"முட்டிவலிக்குத் தைலம் இருக்கான்னு பாரு" என்றார் அவர். இருவரும் சிரித்தோம். பிறகு ஆற்று மணலில் போய் உட்கார்ந்தோம். அவராகவே பேச ஆரம்பித்தார். தறியைக் கொடுத்த அன்றைக்கு ராத்திரி தூங்கவே இல்லை என்றார். தன்னோடு இந்தக் கை வேலை முடிந்துபோகிறதே என்பதுதான் உறுத்தல் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் எங்கள் தெருவில் புதிதாகத் தறி போட்ட ஒரு பையன் வீட்டுக்குப் போய், கோர்வை சேர்ப்பதை நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் போகிறார், சைக்கிளில்தான்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு

மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல பருவம். விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பப் பாருங்கள். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் கல்குவாரி லாரி அதிகம். முடிந்தவரை ஊருக்குள் போகும் சின்ன ரோட்டிலேயே போங்கள். பஞ்சர் சாமான், குடிதண்ணீர், தொப்பி வேண்டும். தொல்லியல் துறை பராமரிக்கும் சில கோயில்கள் பூட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டால் யாரிடம் சாவி என்று சொல்வார்கள். பிரான்ஸ் மாதிரி தனிப் பாதை நமக்கு இல்லை. ஆனால் இங்கே தாகத்துக்கு எந்த வாசலில் நின்றாலும் தண்ணீர் கிடைக்கும்.

மாட்டுப்பொங்கல் அன்று வரதர் காஞ்சியிலிருந்து பார்வேட்டைக்குப் பழைய சீவரம் போய், திருமுக்கூடலுக்கும் எழுந்தருள்வார். இந்தப் பொங்கலுக்கு மகள் வருகிறாள். அவளுடைய சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன் என்பதால், அவளுக்கு ஒன்று வாடகைக்குத் தேடிக்கொண்டிருக்கிறார் அவர்.